‘ரசாயனம் இல்லாத’ சோப்பு உண்மையிலேயே நல்லதா?

தக்கலைவாசி:
வணக்கம். என் மகளின் தோல் எளிதில் வறண்டு அரிக்கிறது. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் ‘ரசாயனம் இல்லாதது’ என்று ஒட்டிய தேங்காயெண்ணெய்ச் சோப்பும் கற்றாழைக் கூழும் பார்த்தேன். விலை வழக்கமான சோப்பைவிட மூன்று மடங்கு. கூழை வெளியிலேயே வைக்கலாம், ஆறு மாதம் கெடாது என்று கடைக்காரர் சொன்னார். இவற்றை வாங்கலாமா, அல்லது இதுவரை வாங்கிய நிறுவனச் சோப்பே போதுமா?

குலசேகரம் சோப்புக்காரி:
வீட்டில் சோப்பு செய்து விற்கும் நானே சொல்கிறேன்: ரசாயனம் இல்லாத சோப்பு என்று ஒன்று கிடையாது. காஸ்டிக் சோடா போன்ற ஒரு காரம் சேராமல் எந்த எண்ணெயும் சோப்பாகாது. அளவு சரியாக இருந்து, சில வாரங்கள் ஆறவும் விட்டால், அந்தக் காரம் சோப்பில் மிஞ்சுவதில்லை. கையால் செய்வதில் கிளிசரின் உள்ளேயே தங்குவது ஒரு நன்மைதான். ஆனால் தேங்காயெண்ணெயை மட்டும் வைத்துச் செய்த சோப்பு, குளச்சல் பக்கத்து உப்புக் கிணற்று நீரிலும் நன்றாக நுரைக்குமே தவிர, வறண்ட தோலை மேலும் வறட்டும். வேறு எண்ணெய்கள் கலந்திருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள்.

நாகர்கோவில் மருந்தாளுநர்:
மேலே சகோதரி சொன்னது சரி. அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு தோலில் ஏறத்தாழ 5; எண் கூடினால் காரம் கூடும். எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்த சோப்பு, வீட்டில் ஆனாலும் ஆலையில் ஆனாலும், 9 முதல் 10 வரை இருக்கும். ஆகவே உங்கள் மகளுக்கு இந்த இரண்டில் எது என்பதைவிட, மருந்துக் கடைகளில் கிடைக்கும், 5.5 அளவில் அமைந்த, வாசனை சேர்க்காத சிண்டெட் கட்டியே (சோப்புக்குப் பதில் செயற்கைச் சுத்திகரிப்புப் பொருளால் செய்த குளியல் கட்டி) பொருந்தும். அதுவோ முழுக்க ஆலைச் சரக்கு! ஷாம்பு போன்றவற்றில் நுரைக்காகச் சேர்க்கும், பலரும் அஞ்சும் லாரில் சல்பேட்டுக்கு மூலமான லாரிக் அமிலம், நம் தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ பாதி இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்; எங்கிருந்து வந்தது என்பதை வைத்து ஒரு பொருளின் தன்மையை முடிவு செய்ய இயலாது.

கற்றாழைக் கூழ்தான் எனக்குக் கவலை தருகிறது. எண்ணெயில் நீர் இல்லாததால் அதில் கிருமி எளிதில் பெருகாது. கூழோ பெரும்பாலும் நீர். அது வெளியில் ஆறு மாதம் கெடாமல் இருக்கிறதென்றால் அதில் பாதுகாப்புப் பொருள் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லையென்றால், ‘கெடாது’ என்ற பேச்சே பொய். சேர்ப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் தவறு. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரிப்பு உரிம எண் அட்டையில் இருக்க வேண்டும். அதையும் உட்பொருள் பட்டியலையும் பாருங்கள். ‘இயற்கை’ என்ற சொல்லை யாரும் ஒட்டலாம்.

வடசேரி பாட்டி:
குளித்தவுடன், ஈரம் முழுதும் உலரும் முன்பே, குழந்தைகளுக்குத் தேய்க்கும், தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெயைச் சிறிது பூசிவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் மட்டும் அனுப்பாதீர்கள். தோல் வெந்து கருத்துவிடும், அதுவும் இயற்கைதான்.

தக்கலைவாசி:
அனைவருக்கும் நன்றி. கூழை வாங்கப் போவதில்லை. சிண்டெட் கட்டியைத் தலைக்கும் பயன்படுத்தலாமா, அல்லது செம்பருத்தி இலையை அரைத்துத் தலைக்குத் தேய்க்கும் தாளியே போதுமா?

நாகர்கோவில் மருந்தாளுநர்:
தாளி போதும். அன்றன்றைக்கு அரைத்து, மீதியைக் கொட்டிவிடுங்கள்.