கயித்துல தொங்குன ரவுட்டர்: மியான்மர்ல உங்க வீட்டுல நெட் எப்படி?

தாம்வே தம்பி:
ரங்கூன் தாம்வே பேட்டையில எங்க கட்டடத்துக்கு ஃபைபர் கம்பி இழுக்க ஆளே வரமாட்டேங்குறான். சிம் போடுற 4ஜி ரவுட்டர் வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. விடியக்காலை 5 மணிக்குப் பறக்குது. ராத்திரி 8 மணிக்கு நாலு கோடும் நிறைஞ்சு நிக்குது, ஆனா அத்தை அனுப்பின ஒத்தை போட்டோ சுத்திக்கிட்டே கிடக்கு. ரவுட்டர் கோளாறா, டவர் கோளாறா? பட்டவங்க சொல்லுங்க.

ரங்கூன் அக்கா:
ரெண்டும் இல்ல தம்பி, கூட்டம். டவர் உனக்கு எவ்வளவு நல்லாக் கேக்குதுன்னுதான் கோடு காட்டும். அதே டவர்ல உன்கூட எத்தனை பேர் தொங்குறாங்கன்னு காட்டாது.

என் கதை வேற. எட்டு மாடிக் கட்டடத்துல நாங்க முதல் மாடி. ரயில் பெட்டி மாதிரி நீள வீடு, அடுப்படியில சிக்னல் பலம் மைனஸ் 118 டிபிஎம். (போன்ல *#*#4636#*#* அழுத்துனா பல ஆண்ட்ராய்டுல இந்த எண் தெரியும். மைனஸ் 85 பக்கம்னா ராஜா, 115 தாண்டினா கும்பிடு போட்டுடு.) பேப்பர், பார்சல் ஏத்த ஒவ்வொரு பால்கனியில இருந்தும் கிளிப் மாட்டின கயிறு தெருவுக்குத் தொங்குமே? ஆறாம் மாடி பர்மாக்கார அம்மாகிட்ட கெஞ்சி, அவங்க கயித்துல பாக்கெட் ரவுட்டரைப் பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டினேன். மூணாம் மாடி உயரத்துல நிறுத்தினா மைனஸ் 92! மகனோட ஆன்லைன் பாடம் ஒரு வாரம் ஜாம் ஜாம்னு ஓடிச்சு. எட்டாம் நாள் பேப்பர்க்காரப் பையன் கயித்தை இறக்கச் சொல்லி, பையைக் கழட்டி வச்சுட்டு பேப்பரை மாட்டி மேல அனுப்பிட்டான். ரவுட்டர் கீழ டீக்கடை பெஞ்சுல கிடந்துச்சு. கடைக்காரர் சாவகாசமா பாஸ்வேர்டு கேக்குறார்.

பெகு அண்ணாச்சி:
2013-ல 1,500 கியாட் (மியான்மர் பணம்) சிம் குலுக்கல்ல எனக்கு விழாம மச்சினனுக்கு விழுந்து, அவன்கூட ஒரு மாசம் பேசாம இருந்த ஆளு நான். அதுக்கு முன்னால சிம் விலை லட்சக்கணக்குல. மறுவருஷமே வெளிநாட்டுக் கம்பெனிங்க வந்து அதே 1,500-க்குக் கடையில மிட்டாய் மாதிரி வித்தாங்க. மச்சினன் மூஞ்சியப் பாக்கணுமே!

இப்ப எனக்கு வேகம் பிரச்சினை இல்ல, கரண்ட்தான். கரண்ட் போனா டவர் கொஞ்ச நேரம் பேட்டரியில ஓடும், பேட்டரி தீர்ந்தா ஜெனரேட்டருக்கு டீசல் இருந்தாத்தான் உண்டு. தெருவே "மீ லாபி!" (கரண்ட் வந்துருச்சு!)ன்னு கத்தும்போது ரவுட்டர் லைட் எரியும், நெட் வராது. ரவுட்டர் 12 வோல்ட்டா இருந்தா ஒரு சின்ன பேட்டரி வாங்கி வச்சுக்கோ. ஆனா டவரே செத்துட்டா உன் பேட்டரி என்ன பண்ணும்?

மோல்மேன் மருமகள்:
கம்பியே வேணாம்னு வீட்டுல அடம்பிடிச்சவ நான். கூரையில குழாய் நட்டு, டவரைப் பார்த்து அன்டெனா. 2600 மெகாஹெர்ட்ஸ், 2016-ல ஏலம் விட்ட அலைவரிசை. மொபைலுக்குப் போற 900 சுவரைத் துளைக்கும், இது அவ்வளவாத் துளைக்காது, நல்லா வரணும்னா டவருக்கு நேர்ப்பார்வை வேணும். பக்கத்து வீட்டுத் தென்னை ஒரு மட்டை நீட்டினா வேகம் பாதி. மழையில மட்டை நனைஞ்சா அதுவும் போச்சு.

அப்புறம் 2021, ராணுவம் ஆட்சியைப் பிடிச்ச வருஷம். மார்ச் 15-லயே மொபைல் டேட்டாவை நிறுத்திட்டாங்க. நாங்க தப்பிச்சோம்னு நினைச்சேன். ஏப்ரல் 2-லேர்ந்து வயர்லெஸ் பிராட்பேண்டும் கட், மேல இருந்து உத்தரவு. ஃபைபர் மட்டும் மிச்சம். மூணு மாசப் பணம் முன்னாலயே கட்டியிருந்தேன். மாமனார் ஒண்ணும் சொல்லல, கூரையையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தார். அது சொல்றதைவிட மோசம். ஃபைபர் வச்சிருந்த சீனர் கடை வாசல்ல ராத்திரியானா ஊரே குந்திக்கிட்டு ஊருக்குப் பேசும், நானும் போய்க் குந்தினேன். இப்ப வீட்டுலயும் ஃபைபர். அன்டெனாக் குழாயில அத்தை துணிக்கொடி கட்டியிருக்காங்க.

தாம்வே தம்பி:
அக்கா சொன்ன எண் பார்த்தேன். உள்ரூம் 109, ஜன்னல் கம்பிகிட்ட 94. ரவுட்டரை ஜன்னலுக்கு மாத்தியாச்சு. ராத்திரி இன்னும் இழுவைதான். 5 மணிக்கு அலாரம் வச்சு எழுந்து போட்டோவை இறக்கினேன். போன தீபாவளிக்கு எடுத்தது.