ஊழியக்காரன் தன்னை நேசிக்கலாமா?

நடைவழி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். முழுநேர மிஷனரி ஊழியத்தில் இருக்கிறேன், வயது இருபதுகளில். கொஞ்ச காலமாக மனதில் ஓடுகிற ஒன்றை இங்கே வைக்கிறேன். ஒத்துப்போகாதவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

புதிதாகச் சந்திக்கிற யாரிடமும் நான் முதலில் சொல்வது, "தேவன் உங்களை நேசிக்கிறார்" என்பதுதான். குடியில் மூழ்கியவரிடம் சொல்கிறேன், சிறையிலிருந்து வந்தவரிடம் சொல்கிறேன். சொல்லும்போது துளிகூடச் சந்தேகம் இல்லை. இரவில் தனியாக ஜெபிக்க உட்கார்ந்தால் மட்டும் அதே செய்தி எனக்குப் பொருந்தாததுபோல் ஆகிவிடுகிறது. இன்று பேசியது போதாது, ஜெபித்தது போதாது, உன் இடத்தில் வேறொருவன் இருந்திருந்தால் இதற்குள் ஒரு சபையே எழும்பியிருக்கும் என்று உள்ளே ஒரு குரல். உடன் ஊழியர்கள் பலரிடம் பேசிப் பார்த்தேன். அவர்களுக்கும் இந்தக் குரல் பழக்கமானதுதான். அதைத் தாழ்மை என்று நினைத்து வளர்த்து வருகிறோம்.

என் வாதம் இது: அது தாழ்மை இல்லை, அவிசுவாசம். உலகத்துக்கெல்லாம் கிறிஸ்து மரித்தார், என் ஒருவனுக்கு மட்டும் இல்லை என்று சொல்வதற்குச் சமம். தேவன் ஏற்றுக்கொண்ட ஒருவனை நான் தள்ளிவைக்கிறேன். அந்த ஒருவன் நானாக இருப்பதால் அது பக்தியாகிவிடுமா? "உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக" என்றார் இயேசு. தன்னிடத்தில் அன்பே இல்லாதவன் எந்த அளவை வைத்துப் பிறனிடத்தில் அன்புகூருவான்? தன்னை வெறுக்கிற ஊழியன் நாளடைவில் ஜனங்களையும் அதே கண்ணால்தான் பார்க்கிறான். அவர்கள் மனந்திரும்பாவிட்டால் எரிச்சல், விழுந்துபோனால் கோபம். மிஷனரி தன்னை நேசிக்கக் கற்றுக்கொள்வது அவன் பிரசங்கிக்கிற சுவிசேஷத்தைத் தானும் நம்புவதுதான் என்று நினைக்கிறேன்.

பெரேயா வாசகன்

தம்பி, உங்கள் இரவு ஜெபத்தைப் பற்றிப் படித்தபோது மனது கனத்தது. உங்களுக்காக ஜெபிக்கிறேன். ஆனால் நீங்கள் போகிற வழி சரியில்லை.

முதலில் வசனம். இயேசு அங்கே சொன்ன கற்பனைகள், அதாவது கட்டளைகள், இரண்டுதான்: தேவனிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு. மூன்றாவதாக ஒன்றை அவர் சேர்க்கவில்லை. மனுஷன் தன்னை நேசிப்பது ஏற்கெனவே இருக்கிற சங்கதியாக அங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. "தன் சொந்த மாம்சத்தைப் பகைத்தவன் ஒருவனுமில்லையே" என்று எபேசியர் 5:29 சொல்வதும் அதைத்தான். மனுஷன் தன்னை நேசிக்கத் தனிக் கட்டளை தேவையில்லை என்று ஆதிச்சபை வேத அறிஞர் அகஸ்டினும் எழுதியிருக்கிறார். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1515-16ல் ரோமர் நிருபத்தைப் பாடம் நடத்தியபோது இன்னும் மேலே போனார். இந்தக் கற்பனை சுயநேசத்தைக் கட்டளையிடவில்லை, நம்மிடம் இருக்கிற கெட்ட சுயநேசத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, அந்த அன்பைப் பிறன் பக்கம் திருப்பச் சொல்கிறது என்றார். இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் சுயநேசத்தைக் கொள்ளைநோய் என்றே சொன்னார்.

அப்புறம், தன்னை நேசிக்கிறவர்களைப் பற்றி வேதம் வெளிப்படையாகப் பேசுகிற இடம் 2 தீமோத்தேயு 3:2. கடைசி நாட்களில் மனுஷர் "தற்பிரியராயும், பணப்பிரியராயும்" இருப்பார்கள். அந்த நீளமான பட்டியலில் முதலில் நிற்பதே அதுதான்.

இது வெறும் வசனச் சண்டை இல்லை. 1982ல் அமெரிக்கப் போதகர் ராபர்ட் ஷுல்லர், சபைக்குத் தேவையான புதிய சீர்திருத்தம் சுயமதிப்புதான் என்று ஒரு புத்தகமே எழுதினார். அந்தப் பாதையில் போன பிரசங்கங்களைக் கேட்டிருப்பீர்கள். நான் எவ்வளவு உயர்ந்தவன் என்று காட்டுகிற விலைச்சீட்டாகச் சிலுவையை ஆக்கிவிட்டார்கள். பாவம் என்ற பேச்சே அங்கே இல்லை. ஓர் இளம் மிஷனரி அந்தப் பக்கம் சாய்வதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

லீதியாள்

ஊழியத்தில் களைத்துத் திரும்புகிறவர்களுக்கு ஆலோசனை கொடுக்கிற பணியில் இருக்கிறேன். பெரேயா அண்ணனின் வசன விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் தன்னைப் பகைத்தவன் ஒருவனும் இல்லை என்பதை என் எதிரில் உட்காருகிறவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. வேளைக்குச் சாப்பிடுவதில்லை, காய்ச்சலோடு கூட்டம் நடத்துகிறார்கள், ஓய்வு எடுத்தால் குற்ற உணர்வில் தூக்கம் வருவதில்லை.

டேவிட் பிரெய்னர்டைப் பற்றி நம் கூட்டங்களில் நிறையச் சொல்வார்கள். அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடம் ஊழியம் செய்தவர். காசநோயோடு அலைந்து, 1747ல் தன் 29வது வயதில் இறந்தார். அவருடைய நாட்குறிப்பைப் பிரசங்கியார் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் 1749ல் வெளியிட்டார். பின்னாளில் இந்தியாவுக்கு வந்த வில்லியம் கேரி, ஹென்றி மார்ட்டின் போன்ற மிஷனரிகளை உருவாக்கியதில் அதற்குப் பங்கு உண்டு. பிரெய்னர்டின் ஜெபத்தையும் கண்ணீரையும் சொல்கிற பிரசங்கிகள், எட்வர்ட்ஸ் அதே புத்தகத்தில் சுட்டிக்காட்டிய குறைகளைச் சொல்வதே இல்லை. ஒன்று, அவருடைய சுபாவத்திலேயே இருந்த மனச்சோர்வு. இன்னொன்று, தன் பெலத்துக்கு மிஞ்சி அவர் உழைத்தது. இதை எழுதிய எட்வர்ட்ஸ் பாவத்தைப் பற்றி எவ்வளவு கடுமையாகப் பிரசங்கித்தவர் என்று உங்களுக்கே தெரியும். அவரே இதைக் குறை என்றார். நாம் அதைச் சாட்சியாக்கிவிட்டோம்.

மனோதத்துவம் என்றாலே ஷுல்லர் பேசிய சுயமதிப்புதான் என்றும் நினைக்கவேண்டாம். மனோதத்துவ ஆய்வாளர் கிறிஸ்டின் நெஃப் 2003ல் அளவுகோல் ஒன்றை அமைத்து ஆராய்ந்தது, தன்மேல் காட்டுகிற இரக்கத்தை. நான் மற்றவரைவிட மேல் என்ற எண்ணத்துக்கு அதில் இடமே இல்லை. தவறும்போது ஒரு நண்பனிடம் பேசுகிற பரிவோடு தன்னிடமும் பேசுவது, தவறுவது மனிதர் எல்லாருக்கும் பொது என்று உணர்வது, வலியை மறைக்காமலும் ஊதிப் பெரிதாக்காமலும் பார்ப்பது. இதில் எது வேதத்துக்கு விரோதம், சொல்லுங்கள்.

வெளியே நிற்பவன்

நான் இப்போது விசுவாசி இல்லை, ஆனால் சபைக்குள்ளே வளர்ந்தவன். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. விவரம் தெரிந்த நாள்முதல் நீ பாவி, உன் நீதியெல்லாம் அழுக்கான கந்தை, நீ ஒரு புழு என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வளர்ந்தபின் அவன் ஏன் தன்னை வெறுக்கிறான் என்று வசனம் தேடுகிறீர்கள். காயப்படுத்தியதும் அந்தப் போதனை, கட்டுப்போட வருவதும் அதே போதனை. நான் வெளியே வந்தபிறகுதான் அந்தக் குரல் எனக்குள் அடங்கியது. நடைவழி, உங்களை நேசிக்க நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. மனிதனாக இருப்பதே போதும்.

நடைவழி

நண்பரே, நீங்கள் பட்டதை லேசாகப் பேச எனக்கு உரிமை இல்லை. அந்த வசனங்களை மட்டும் பிய்த்தெடுத்துப் பிள்ளைகளிடம் சொல்வது கொடுமை. அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் புழு என்று வருகிற 22ஆம் சங்கீதத்தை முழுதாகப் பாருங்கள். அப்படிச் சொல்கிறவன் மனுஷரால் நிந்திக்கப்பட்டவன், சுற்றி நிற்கிறவர்கள் உதட்டைப் பிதுக்கித் தலையைத் துலுக்குகிறார்கள். தேவன் அவனைப் புழு என்று எங்கேயும் அழைக்கவில்லை. 9ஆம் வசனத்திலேயே "நீரே என்னைக் கர்ப்பத்திலிருந்து எடுத்தவர்" என்று அவன் தேவன் பக்கம் திரும்பிவிடுகிறான்.

மனிதனாக இருப்பதே போதும் என்கிறீர்கள். எல்லாம் நன்றாக நடக்கிற நாளில் நானும் அதை நம்பிவிடுவேன். ஒருவர் மனதை நோகடித்துவிட்டுத் திரும்பிய இரவில், எனக்கு நானே சொல்லிக்கொள்கிற எந்த ஆறுதலும் நிற்காது. என் குற்றத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருவர் சொன்னால்தான் நிற்கும். "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து" என்று 1 யோவான் 3:20ல் இருக்கிறதே, அது இல்லாமல் என்னால் என்னை ஏற்றுக்கொள்ள முடியாது.

வெளியே நிற்பவன்

அப்படி ஒருவர் இருக்கிறார் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை, அதற்கு மேல் நான் என்ன சொல்ல? பிள்ளைகளைப் பற்றி இங்கே எழுதியதை உங்கள் சபையிலும் சொல்லுங்கள். அது போதும்.

பெரேயா வாசகன்

தம்பி, நீங்கள் காட்டிய 1 யோவான் 3:20 நான் சொல்வதையே சொல்கிறது. உன் இருதயத்தை நேசி என்று யோவான் எழுதவில்லை. அதைவிடப் பெரியவரைப் பார் என்கிறார்.

எலியா தீர்க்கதரிசியை எடுத்துக்கொள்ளுங்கள், 1 இராஜாக்கள் 19. உயிருக்குப் பயந்து ஓடிவந்து சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும், நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல" என்றான். இன்றைக்கு ஆலோசனை சொல்கிற பலர் என்ன சொல்வார்கள்? இல்லை எலியா, நீ நல்லவன், கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளை ஜெயித்ததை நினைத்துப்பார் என்பார்கள். தூதன் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அடையும் தண்ணீரும் வைத்தான். ஓரேப் மலையில் கர்த்தர், "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கேட்டு, அபிஷேகம்பண்ண வேண்டியவர்களின் பெயரைச் சொல்லி அனுப்பினார். எலியா நல்லவனா இல்லையா என்ற கேள்வி பதில் இல்லாமலே விடப்பட்டது. பவுலும், "நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச் சொல்லுகிறதில்லை" என்கிறார். தன்னை வெறுக்கிறவனும் சரி, நேசிக்கிறவனும் சரி, நாள் முழுக்கத் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தன்னை மறந்தவனுக்குத்தான் விடுதலை.

மார்த்தாள்

ஒரு மிஷனரியின் மனைவியாகச் சொல்கிறேன். தன்னை மறந்த ஊழியரின் வீட்டில் யாராவது ஒருவர் அவரை ஞாபகம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு மருந்து வாங்குவது, நன்கொடை கொடுத்தவர்களுக்கு அறிக்கை எழுதுவது, அப்பா இன்றைக்கும் வரமாட்டார் என்று பிள்ளைகளிடம் சொல்வது.

ஹென்றி மார்ட்டின் 1806ல் இந்தியாவுக்கு வந்து, தேவனுக்காக எரிந்து தீரட்டும் என்று நாட்குறிப்பில் எழுதி, 1812ல் 31 வயதில் இறந்தார். அவருக்குத் திருமணமாகவில்லை. வில்லியம் கேரிக்கு மனைவி இருந்தார். டாரதி. 1794ல் ஐந்து வயது மகனைப் பறிகொடுத்தபின் அவருக்கு மனநலம் கெட்டது, 1807ல் இறக்கும்வரை தேறவில்லை. கேரியின் மொழிபெயர்ப்புகளைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். டாரதியைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டதில்லை. தன்னை மறப்பது யார் தோளில் போய் இறங்குகிறது என்று அண்ணன் யோசிக்கவேண்டும்.

பெரேயா வாசகன்

சகோதரி, நியாயமான கேள்வி. தன்னை மறக்கிறேன் என்று சொல்லி மனைவி மேல் சுமையை ஏற்றுவது சுயத்தின் இன்னொரு வேஷம். அதை நான் ஒருநாளும் ஆதரிக்கமாட்டேன். ஆனால் அதற்கும் பரிகாரம் அவர் தன்னை நேசிப்பதில் இல்லையே, உங்களை நேசிப்பதில்தானே இருக்கிறது?

மார்த்தாள்

படுக்கையில் விழுந்தவரால் என்னை எப்படி நேசிக்க முடியும் அண்ணா? இரண்டும் வேண்டும்.

நடைவழி

பெரேயா அண்ணா, எலியாவைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கும் ஒரு கேள்வி. நீ நல்லவன் என்று தூதன் சொல்லவில்லை, சரி. ஆமாம், நீ உதவாதவன்தான் என்றும் சொல்லவில்லை. தொட்டு எழுப்பினான், சாப்பிடவைத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடவைத்தான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். தூதன் எலியாவை நடத்தியதுபோல எலியா தன்னை நடத்தக் கூடாதா? தூதன் செய்தால் கிருபை, எலியாவே செய்தால் தற்பிரியமா?

12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் தலைவராக இருந்த பெர்னார்டு, அன்பில் நான்கு படிகளைச் சொல்கிறார். தனக்காகத் தன்னை நேசிப்பது முதல் படி. தன் நன்மைக்காக தேவனை நேசிப்பது அடுத்தது. தேவனுக்காகவே தேவனை நேசிப்பது மூன்றாவது. உச்சி அதுதான் என்று நாம் நினைப்போம். அவரோ அதற்கும் மேலே, தேவனுக்காகத் தன்னை நேசிப்பதை வைக்கிறார். இந்த வாழ்வில் அதை முழுதாக எட்ட முடியுமா என்று அவருக்கே சந்தேகம்தான். 2 தீமோத்தேயு 3 கண்டிப்பது முதல் படியோடு நின்றுவிடுகிறவனை. அந்தத் தீமோத்தேயுவுக்குத்தான் பவுல், "உன்னைக்குறித்தும் உபதேசத்தைக்குறித்தும் எச்சரிக்கையாயிரு" என்று எழுதுகிறார், அவனுடைய வயிற்று உபாதைக்குப் பரிகாரமும் சொல்கிறார்.

தன்னை மறப்பது அருமையான நிலை, மறுக்கவில்லை. ஆனால் தன்னை வெறுக்கிறவனிடம் உன்னை மற என்றால், தன்னைத் தண்டிக்க இன்னொரு வழி கிடைத்தது என்றுதான் எடுத்துக்கொள்வான். சாப்பிட மறப்பான், தூங்க மறப்பான், மார்த்தாள் அக்கா சொன்னதுபோல வீட்டையும் மறப்பான். தான் நேசிக்கப்பட்டவன் என்று தெரிந்தவனுக்குத்தான் நிம்மதியாகத் தன்னை மறக்க வரும்.

பெரேயா வாசகன்

கடைசி வரியைப் பற்றி நானும் யோசிக்கிறேன். நேசிக்கப்பட்டவன் என்று அறிவது வேறு, தன்னை நேசிப்பது வேறு என்பதில் மட்டும் மாறமாட்டேன்.

நடைமுறைக்கு வருவோம். நள்ளிரவில் ஒருவர் உதவி கேட்டுக் கதவைத் தட்டுகிறார். உங்களுக்கோ உடம்பு முடியவில்லை. எழுந்திருக்காமல் படுத்துக்கொண்டால், அது முதல் படியின் சோம்பலா, நான்காம் படியின் ஞானமா? யார் சொல்வது? இருதயம் திருக்குள்ளது, அதாவது வஞ்சகமானது, என்று எரேமியா 17:9 சொல்கிறதே.

நடைவழி

எழுந்துபோய்க் கதவைத் திறப்பேன் அண்ணா. மறுநாள் காலை தூங்குவேன், அதற்காக மன்னிப்புக் கேட்டு ஜெபிக்கமாட்டேன். ஆனால் இதே நிலை ஒவ்வொரு இரவும் தொடர்ந்தால், நான் தனியாகத் தீர்மானிக்கக் கூடாது. ஜனங்களின் வழக்குகளையெல்லாம் தனியாகவே விசாரித்துக்கொண்டிருந்த மோசேக்கும் அது தானாகத் தெரியவில்லை. மாமன் எத்திரோ வந்து, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று சொல்லவேண்டியிருந்தது.

எரேமியா சொன்னது மறுபக்கத்துக்கும் பொருந்தும். ஓய்வு எடு என்று சொல்லும்போது இருதயம் திருக்குள்ளது என்றால், நீ உதவாதவன் என்று சொல்லும்போதும் அது திருக்குள்ளதுதான். முதலாவதைச் சந்தேகிக்க எங்களுக்கு நன்றாகவே பயிற்சி கொடுத்தார்கள். இரண்டாவதைச் சந்தேகிக்க யாரும் சொல்லித்தரவில்லை.

பெரேயா வாசகன்

அது உண்மை. நாங்கள் மூத்தவர்கள் அதைச் சொல்லித்தந்திருக்க வேண்டும். தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில் இன்னும் இல்லை என்பதுதான். ஆனால் ஒவ்வோர் இளம் ஊழியருக்கும் எத்திரோ போல ஒருவரைச் சபை கொடுக்கவேண்டும் என்பதில் உங்களோடு இருக்கிறேன். லீதியாள் சகோதரி, அதை எப்படிச் செய்யலாம் என்று தனி இழையாகத் தொடங்குங்களேன்.

லீதியாள்

இன்றைக்கே தொடங்குகிறேன் அண்ணா.

மார்த்தாள்

மனைவிகளுக்கும் சேர்த்துத் தொடங்குங்கள்.