மாமாவைக் காணவில்லை: வெளியூரில் இருந்துகொண்டு என்ன செய்யலாம்?

மஸ்கட் மருமகன்:
வணக்கம். என் தாய்மாமாவுக்கு 74 வயது. அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இப்போது தாம்பரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். கொஞ்ச காலமாக மறதி நோய். நேற்று விடியற்காலையில் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். போன் வீட்டிலேயே கிடக்கிறது. போலீசில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியாச்சு. மச்சான் தெருத்தெருவாக அலைகிறான். சொந்தக்காரர்கள் நாங்கள் துபாய், பெங்களூர், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிறோம். போட்டோவை எல்லா குரூப்பிலும் போட்டுவிட்டோம். அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. சாட்டிலைட் படத்தில் தேடலாம் என்கிறான் ஒரு நண்பன். உருப்படியான யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

நைட் டியூட்டி அக்கா:
தம்பி, நான் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஃபார்வர்ட் போதும். எல்லாரும் போன் பண்ண உட்காருங்க.

ரோட்டில் விழுந்து கிடக்கிறவரை 108 கொண்டுவரும். பேர் சொல்லத் தெரியாது, கூட ஆளும் இல்லை. 'அன்நோன் மேல், 65 வயது மதிக்கத்தக்கவர்' என்று ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில், எழுதுவாங்க. அந்த வயசு ஒரு குத்துமதிப்புதான், பத்து வருஷம் முன்னே பின்னே இருக்கும். சட்டையைக் கழற்றி ஆஸ்பத்திரி உடுப்பு மாட்டியிருப்பாங்க, பல்செட்டையும் எடுத்து வைத்திருப்பாங்க. நீங்க போஸ்டரில் போட்ட நீலக் கட்டம் போட்ட சட்டை அங்கே உதவாது.

அதனால் பேரைச் சொல்லிக் கேட்காதீங்க. நான் இருந்த வார்டிலேயே ஒரு பெரியவரைத் தேடி போன் வந்தது, 'அந்தப் பேரில் யாரும் இல்லை' என்று வைத்துவிட்டாங்க. அவர் மூணாவது கட்டிலில் படுத்திருந்தார். கேஷுவாலிட்டியை, அதாவது அவசரப் பிரிவை, கேளுங்க: "நேற்றிலிருந்து பேர் தெரியாத வயசான ஆண் யாராவது சேர்ந்திருக்காங்களா?" பிறகு ஆபரேஷன் தழும்பு, பல்செட், கையில் பச்சை, இதெல்லாம் கேளுங்க. ஜி.எச். உள்ளேயே போலீஸ் அவுட்போஸ்ட் இருக்கும், அங்கேயும் பேசுங்க.

ஒரு கூகுள் ஷீட் போடுங்க. எந்த ஆஸ்பத்திரி, யார் பேசினது, எதிர்முனையில் யார், எத்தனை மணி, என்ன பதில். இல்லாட்டி ஒரே இடத்துக்கு உங்க வீட்டு ஆள் அத்தனை பேரும் போன் போட்டு, கடைசியில் எடுக்கவே மாட்டாங்க. டியூட்டி மாறும் நேரத்தில் கூப்பிடாதீங்க. இன்றைக்கு 'இல்லை' என்று சொன்ன இடத்தை நாளைக்கும் கேட்கணும்.

இன்னொன்று, மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேளுங்க. தமிழ்நாடு போலீஸ் இ-சர்வீஸ் தளத்தில் அடையாளம் தெரியாத உடல்களையும் தேடலாம். அதை தூரத்துச் சொந்தம் யாராவது பார்க்கட்டும். மகன் பார்க்க வேண்டாம்.

கோட் குமரன்:
சாட்டிலைட் பற்றி மட்டும் சொல்கிறேன். 2007 செப்டம்பரில் ஸ்டீவ் ஃபாசெட் என்பவர் நெவாடாவில் சிறு விமானத்தில் தனியாகக் கிளம்பி காணாமல் போனார். சின்னச் சின்ன வேலைகளை ஆன்லைனில் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் அமேசானின் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் சாட்டிலைட் படங்களை அலசினார்கள். அடுத்த வருடம் கலிபோர்னியாவில் மம்மத் லேக்ஸ் பக்கம் நடந்து போன ஒருவர் கையில் அவருடைய அடையாள அட்டைகள் கிடைத்த பிறகுதான் விமானத்தின் சிதைவு தெரிந்தது. 2014இல் காணாமல் போன மலேசிய விமானம் எம்.எச்.370க்கும், சாட்டிலைட் படங்களைப் பொதுமக்கள் அலசும் டாம்நாட் தளத்தில் லட்சக்கணக்கானோர் கடலைப் பார்த்தார்கள், பலன் இல்லை. விமானத்துக்கே இந்தக் கதி. தாம்பரத்தில் வேட்டி கட்டிய ஒருவரை வானத்திலிருந்து பிடிக்க முடியாது.

சிசிடிவிதான் உங்களுக்கு வேலை. ரெக்கார்டரில் இடம் தீர்ந்தால் பழையதன் மேலேயே பதிவாகிவிடும். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை உள்ள கடைகளில் மச்சான் இன்றே போய் "அந்த நேரத்தை எடுத்து வையுங்க" என்று கேட்கட்டும். காப்பி கிடைத்தால் வெளிநாட்டில் இருப்பவர்கள் மணிக்கணக்கில் பிரித்துக்கொண்டு பார்க்கலாம்.

ஏழு மணி லோக்கல்:
அரக்கோணத்தில் வேலை பார்த்தவர் என்கிறீர்களே, டியூட்டிக்குத்தான் கிளம்பியிருப்பார்! தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருமால்பூர் வழியாக அரக்கோணம் போகிற ரயில் இருக்கிறது. ரயில்வே உதவி எண் 139க்கு போன் பண்ணி ஆர்.பி.எஃப்.இடம் (ரயில்வே பாதுகாப்புப் படை) சொல்லுங்கள். அந்த லைன் முழுக்கக் கேளுங்கள்.

வைரல் வேந்தன்:
வீட்டு அட்ரஸும் மூணு நம்பரும் போட்டு, ஒரு லட்சம் பரிசு என்று அறிவியுங்க ப்ரோ. ட்ரெண்ட் ஆக்கிடலாம்.

நைட் டியூட்டி அக்கா:
வேண்டவே வேண்டாம். பரிசு என்றதும் "உங்க மாமா என்கிட்ட இருக்கார், ஜிபே பண்ணு, அனுப்பி வைக்கிறேன்" என்று பத்துப் பேர் கூப்பிடுவான். ஒரே நம்பர், அதுவும் நிதானமாகப் பேசுகிற ஆளோட நம்பர் போதும். அட்ரஸுக்குப் பதில் போலீஸ் ஸ்டேஷன் பேரும் சி.எஸ்.ஆர். எண்ணும் போடுங்க. ஒரு தழும்பை மட்டும் போஸ்டரில் சொல்லாமல் வைத்துக்கொண்டு, கூப்பிடுகிறவனிடம் அதைக் கேளுங்க.

'சாயலாக இருக்கார்' என்று யாரையாவது சுற்றி நின்று வீடியோ எடுக்கவும் கூடாது. 2018 மே மாதம் போளூர் பக்கம் என்ன ஆச்சு? கோயிலுக்கு வந்த வயசான அம்மாவைப் பிள்ளை பிடிக்கிறவள் என்று வாட்ஸ்அப் வதந்தியை நம்பி அடித்தே கொன்றாங்க. பார்த்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு 112க்குச் சொன்னால் போதும்.

மஸ்கட் மருமகன்:
ரொம்ப நன்றி அக்கா. ஷீட் போட்டாச்சு. தழும்பு விவரத்தை இங்கே எழுதவில்லை :) செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருத்தணி ஜி.எச். நான்கிலும் பேசிவிட்டோம், இதுவரை இல்லை. காஞ்சிபுரத்தில் மட்டும் சாயங்காலம் திரும்பக் கூப்பிடச் சொன்னார்கள். அரக்கோணம் தாண்டிப் போயிருந்தால் ரேணிகுண்டா, திருப்பதி. அங்கே பேச எங்கள் யாருக்கும் தெலுங்கு தெரியாது.

ஏழு மணி லோக்கல்:
எனக்குத் தெரியும். ஷீட் லிங்கைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். முதலில் ரேணிகுண்டா ஸ்டேஷன், அப்புறம் திருப்பதி ரூயா ஆஸ்பத்திரி. காஞ்சிபுரத்துக்கு சாயங்காலம் யார் பேசப்போகிறீர்கள் என்று இப்போதே பேர் போட்டு வையுங்கள்.