சின்னத் தாத்தா விமானத்தோடு காணாமல் போன நாளை எப்படிக் கண்டுபிடிப்பது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
என் தாத்தாவின் தம்பி, பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்த கையோடு விமானப் படையில் சேர்ந்தவர். 1944 சித்திரையில் ‘காணவில்லை’ என்று தந்தி வந்தது. வயது இருபத்தொன்று. உடலும் வரவில்லை, நாளும் தெரியவில்லை. அதனால் மகாளய அமாவாசையன்றுதான் அவருக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறோம். அவருடைய தங்கை, என் அத்தைப் பாட்டி, தொண்ணூறைத் தாண்டிவிட்டார். கண் மூடுவதற்குள் அண்ணனுக்குச் சரியான திதியில் ஒரு முறையாவது கொடுத்துவிட வேண்டும் என்கிறார்.

எங்களிடம் இருப்பது ஒரு புகைப்படமும் ஒரு கடிதமும். படத்தில் இடது மார்பில் ஒற்றைச் சிறகுச் சின்னம். கடிதத்தில் ஊர்ப்பெயரைக் கறுப்பு மையால் அடித்திருக்கிறார்கள். மிஞ்சியதில் இப்படி எழுதியிருக்கிறார்: “விமானத்தில் நாங்கள் இரண்டே பேர். அவர் முன்னால் பார்த்து ஓட்டுவார். நான் மாட்டுவண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்ட பையனைப்போல் வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.”

பழைய இறக்கைகள்:
தம்பி, பாதி விடை கடிதத்திலேயே இருக்கிறது. விமானிக்கு இரட்டைச் சிறகு. ஒற்றைச் சிறகு உடன் பறப்பவர்களுக்கு. சிறகை ஒட்டிய வட்டத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ‘ஏ.ஜி.’ என்றிருந்தால் ஏர் கன்னர், அதாவது துப்பாக்கி வீரர்.

இரண்டே பேர், ஒருவர் பின்பார்த்து என்றால் பெரும்பாலும் வெஞ்சன்ஸ் என்ற குண்டுவீச்சு விமானம்தான். இந்திய விமானப் படையின் 7, 8ஆம் ஸ்குவாட்ரன்கள் (படைப்பிரிவுகள்) அதில் பறந்தன. 8ஆவது 1943 டிசம்பரிலிருந்து பர்மாவின் அரக்கானில் குண்டு வீசியது. 7ஆவது 1944 மார்ச்சிலிருந்து அசாமின் உதர்பந்தில் இருந்து கிளம்பியது. இலக்கின்மேல் வந்ததும் மூக்கைக் கவிழ்த்து ஏறக்குறைய செங்குத்தாகப் பாயும். அந்த நேரத்தில் உங்கள் சின்னத் தாத்தாவுக்குத் தரை தெரியாது. பூமிக்கு முதுகைக் காட்டி, மல்லாந்த நிலையில், வாலுக்கு மேலே ஆகாயத்தைப் பார்த்தபடியே விழுந்துகொண்டிருப்பார். விமானம் நிமிரும்போது பின்னால் எதிரி வந்தால் சுடவேண்டியவர் அவர். ஓட்டியவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது, பின்னால் இருந்தவர்களுக்கு இல்லை. எனக்கு இது தீராத ஆதங்கம்.

வேலந்தாவளம் டீச்சர்:
காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். இரண்டாம் உலகப் போரில் ஆசியப் பக்கத்தில் கல்லறை இல்லாமல் போன விமான வீரர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம் பெயர்களை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதியிருப்பார்கள். அப்பா பெயரை முன்னால் போட்டும் தேடுங்கள், படை எண் இருந்தால் இன்னும் நல்லது.

ஒன்று கவனியுங்கள். தந்தி சித்திரையில் வந்தது என்றால் விமானம் போனது பங்குனியாகவும் இருக்கலாம். தேதி கிடைத்ததும் சுபானு, தாரண இரண்டு வருஷத்துப் பஞ்சாங்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு திதி பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
இருவருக்கும் மிக்க நன்றி. வட்டத்துக்குள் ‘ஏ.ஜி.’ தெளிவாகத் தெரிகிறது. கடித உறையின் பின்புறம் அவர் பெயருக்கு முன்னால் ஓர் எண்ணும் இருக்கிறது. இன்று இரவே அதை வைத்துத் தேடுகிறேன். டீச்சர், தாரண வருஷப் பஞ்சாங்கம் உங்கள் பக்கம் யாரிடமாவது இருக்குமா?