டென்மார்க் எழுத்தாளர் டோவே டிட்லெவ்சனின் மூன்று பாகத் தன்வரலாறு: எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள்?

தாள்வாசி
எனக்கு மூன்றாம் பாகத்தில், அந்த முதல் ஊசி. டோவேக்குக் கருக்கலைப்பு செய்த கார்ல் என்ற மருத்துவனே பெத்திடினையும் போடுகிறான், அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து அது. வலி போகிறது, கூடவே உடம்பெங்கும் ஒரு சுகம் பரவுகிறது. அது என்ன மருந்து என்று அவனிடம் கேட்கிறாள் பாருங்கள், அங்கே மூடியதுதான். ரொம்ப நாள் திறக்கவில்லை. கோபன்ஹேகனின் வெஸ்டர்ப்ரோ பகுதியில் நெருக்கடியான குடியிருப்பில் வளர்ந்தவள், அப்பாடா, ஒரு நிமிஷமாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நானும் சேர்ந்து மூச்சு விட்டிருந்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மேற்குச்சன்னல்
எல்லாவற்றுக்கும் ஊசிதான் காரணம் என்று படிப்பதை என்னால் ஏற்க முடியாது. முதல் பாகத்தைத் திரும்பப் படியுங்கள். அப்பா கொதிகலனுக்குக் கரி போடும் தொழிலாளி, சோஷலிஸ்ட், வாசிப்பவர். அவரே பெண்பிள்ளை கவிஞராக முடியாது என்கிறார். ஒரு முதலாளி சொல்லியிருந்தால் கோபப்பட்டுவிட்டுக் கடந்திருப்பேன். இவர் மகளுக்குப் புத்தகம் தந்தவர். என் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார், அதற்குமேல் எழுத வரவில்லை.
1939இல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. அதற்கு வழிவிட்டவர் 30 வயது மூத்த ஒரு பத்திரிகை ஆசிரியர், பிறகு அவரையே மணக்கிறார். எதற்குமே ஓர் ஆண் கதவைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. கார்ல் அந்த வரிசையில் வந்தவன்.

தாள்வாசி
ஊசிதான் காரணம் என்று நான் சொல்லவே இல்லையே! மூடிய இடத்தைத்தான் சொன்னேன்.

இரவுப்பணி
எனக்கு அந்தக் காது அறுவை சிகிச்சை வரும் இடம். ஊசி கிடைக்கும் என்பதற்காகக் காது வலிக்கிறது என்கிறார் டோவே. கடைசியில் தேவையே இல்லாத அறுவை நடந்து, அந்தக் காதில் கேட்கும் திறனே போய்விடுகிறது. மருத்துவமனையில் வேலை பார்ப்பவள் நான், அந்தப் பக்கங்களில் கை நடுங்கியது.
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வீட்டில் யாராவது இந்த வகை வலி மருந்தைப் பல வாரமாக எடுத்துக்கொண்டிருந்தால், புத்தகம் படித்த பயத்தில் மாத்திரையைப் பிடுங்கி வைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று ஆள் துவண்டுபோவார். மருத்துவரைப் பார்த்து அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கொஞ்ச காலம் விட்டவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும், உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்திருக்கும். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அப்புறம், மூன்றாம் பாகத்தை மட்டும் தனியாக வாங்கிப் படிக்காதீர்கள். முதல் இரண்டும் 1967இல் வந்தவை, இது 1971இல். அந்த வரிசையிலேயே போங்கள்.