தோட்டக்காரிக்குக் காதல் பரிசு: இதய இலையில் ஒருமுறை ஏமாந்தவன் கேட்கிறேன்

ஒற்றையிலை:
அடுத்த மாதம் எங்களுக்குக் கல்யாணமாகி 10 வருடம். மனைவிக்குச் செடி என்றால் உயிர். காலையில் எழுந்ததும் என் முகத்தைப் பார்க்கிறாளோ இல்லையோ, ரோஜாவில் புதுத் துளிர் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவாள். பூங்கொத்து வேலைக்காகாது. ஒருமுறை கொடுத்தேன், "இத்தனை மொட்டை வெட்டிட்டாங்களே" என்று அதற்காக வருத்தப்பட்டாள்.

போன வருடம் என் கெட்டிக்காரத்தனத்தில், சின்னத் தொட்டியில் நட்ட இதய வடிவ இலை ஒன்றை வாங்கி வந்தேன். ஹோயா கெர்ரி என்று அட்டையில் இருந்தது. 14 மாதம் ஆகிறது, இன்னும் அதே ஒரு இலைதான். சாகவும் இல்லை, வளரவும் இல்லை. அவள் ஒன்றும் சொல்வதில்லை, அதைத் தூசி துடைக்கும்போது மட்டும் ஒரு மாதிரி சிரிக்கிறாள்.

செடி சம்பந்தமாகவே ஏதாவது வேண்டும், கொஞ்சம் காதலும் தெரிய வேண்டும். தொட்டி, பூவாளி எல்லாம் வீடு நிறையக் கிடக்கிறது. எனக்குத் தோட்டத்தில் ஒன்றும் தெரியாது.

கொடிப்பந்தல்:
அந்த இலை வளராதது உங்கள் மனைவியின் குற்றமும் இல்லை, உங்கள் ராசியும் இல்லை. ஹோயாவில் புதுத் தளிர் கணுவிலிருந்துதான் வரும். உங்களுக்குக் கிடைத்தது காம்போடு கிள்ளிய வெறும் இலை. வேர் விடும், தண்ணீர் குடிக்கும், வருடக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், ஆனால் பெரும்பாலும் கொடியாகாது. காதலர் தினத்துக்கு இப்படித்தான் விற்கிறார்கள். பார்க்க அழகு, உள்ளே ஏமாற்று.

தூக்கிப் போடாதீர்கள். இரண்டு மூன்று கணு உள்ள கொடித்துண்டாகப் பார்த்து வாங்கி, அதே தொட்டியில் பக்கத்தில் நட்டுக் கொடுங்கள். அவர் சிரிக்கிற சிரிப்பே மாறிவிடும். மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும். பூத்து முடிந்த காம்பை மட்டும் வெட்டிவிட வேண்டாம், அதே காம்பில்தான் அடுத்த முறையும் பூ வரும்.

துளிர்:
நான் உங்கள் மனைவி கட்சி. எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல பரிசு எது தெரியுமா? என்னுடைய பழைய கவாத்துக் கத்தரியேதான். ஸ்பிரிங் போய், ரப்பர் பேண்ட் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காணவில்லை. வீடு முழுக்கத் தேடித் திட்டித் தீர்த்தேன். இரண்டு நாள் கழித்து மேசைமேல் இருந்தது, துரு எடுத்து, சாணை பிடித்து, புது ஸ்பிரிங்கோடு. ரோஜாத் தண்டில் வைத்தேன், சத்தமே இல்லாமல் இறங்கியது. அன்று தேவையில்லாத கிளையெல்லாம் கூட வெட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குவதானால் இரண்டு அலகும் உரசிக்கொண்டு போகிற வகை வாங்குங்கள். தட்டையான அடித்தகட்டின்மேல் கத்தி வந்து உட்காருகிற வகை காய்ந்த குச்சிக்குச் சரி, பச்சைத் தண்டை நசுக்கிவிடும்.

இரவல்மண்:
காதல் என்று கேட்டுவிட்டு இரும்புச் சாமான் பேசுகிறீர்களே! நிஷாகந்தி கொடுங்கள். பிரம்ம கமலம் என்று பலர் சொல்வது இதைத்தான் (அசல் பிரம்ம கமலம் இமயமலையில் இருக்கிற வேறு செடி). இருட்டிய பிறகு மெதுவாக விரியும், விடிவதற்குள் தலை தொங்கிவிடும். அந்த ஒரு ராத்திரி இரண்டு பேரும் தூங்காமல் உட்கார்ந்திருக்கலாம்.

ஒரு சிக்கல், துண்டு வைத்து வளர்த்தால் பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகலாம். வளர்ந்த செடியாகக் கிடைக்கிறதா பாருங்கள். மொட்டு வந்தபின் அங்குமிங்கும் தூக்கி வைத்தால் கொட்டிவிடும், அதனால் மொட்டுக்கு முன்பே கொண்டுவந்து விடுங்கள். அப்புறம், வீட்டில் பூனை இருந்தால் லில்லி பக்கமே போகாதீர்கள். மகரந்தத்தை நக்கினாலே அதன் சிறுநீரகம் போய்விடும்.

ஒற்றையிலை:
எல்லாருக்கும் நன்றி. பூனை இல்லை. நிஷாகந்தியைப் பத்தாம் வருடத்துக்கு வைத்தால் பன்னிரண்டாம் வருடம் பூக்கும், அதுவும் பரவாயில்லை. ஹோயாக் கொடி தேட ஆரம்பித்துவிட்டேன்.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய கவாத்துக் கத்தரியை எடுத்துப் பார்த்தேன். ரப்பர் பேண்ட் இல்லை, என் பழைய ஷூ லேஸ் சுற்றியிருக்கிறது. அது எங்கே போனது என்று ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். துருவை எப்படி எடுப்பது?

துளிர்:
அட, ஷூ லேஸா! பிரிப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்து வையுங்கள், எந்த உதிரி எங்கே என்று மறந்துவிடும். ஸ்டீல் நாரும் கொஞ்சம் எண்ணெயும் போதும். சாணைக்கல்லை அலகின் சரிவான பக்கத்தில் மட்டும் ஓட்டுங்கள். தட்டையான பக்கத்தைச் சாய்த்துத் தீட்டினால் இரண்டு அலகுக்கும் நடுவில் சந்து விழுந்து, தண்டு வெட்டுப்படாமல் மடங்கும். லேஸைத் தூக்கிப் போடாதீர்கள், ஹோயாக் கொடியைக் குச்சியில் கட்ட உதவும்.