கையெழுத்து கேட்டதும் கதவு மூடிக்கொண்டது

ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். தனி ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது 2019 கோடையில் சென்னை பட்ட தண்ணீர்க் கஷ்டம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வற்றிப்போய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்த வருடம். அப்போது கிடைத்த தண்ணீரை வீட்டுக்குள் யார் எப்படிப் பங்கிட்டார்கள் என்று வியாசர்பாடியில் பெண்களிடம் கேட்டு எழுத வேண்டும் என்பது என் ஆசை. அத்தை வீடு அங்கேதான்.

மனிதர்களிடம் பேட்டி எடுப்பதென்றால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு முதலில் அனுமதி தர வேண்டும். கேள்விப் பட்டியல், தகவல் தாள், ஒப்புதல் படிவம், குரல்பதிவை எங்கே வைப்பேன், எப்போது அழிப்பேன் என்பதுவரை எழுதிக் கொடுத்தேன். அதற்கே இரண்டு மாதம் ஆனது. எல்லாம் கையில் இருக்கிற தைரியத்தில் ஊருக்கு வந்தேன்.

முதல் நாள், அத்தைக்குத் தெரிந்த ஒரு அக்கா. அடிபம்பு பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். படிவத்தை நீட்டினேன். "தங்கள் பங்கேற்பு தன்விருப்பத்திற்கு உட்பட்டது" என்று நானே எழுதிய தமிழ். அதை ஒரு நிமிடம் பார்த்தவர், "கையெழுத்து எதுக்கும்மா? எங்க அக்கா வீட்லயும் கணக்கெடுக்கறோம்னுதான் வாங்கினாங்க, இப்ப பெரும்பாக்கத்துல கிடக்குது" என்று எழுந்துவிட்டார். அவர் அக்கா கூவம் கரையில் இருந்தவர்; அங்கிருந்து அகற்றி, நகரின் தெற்கு ஓரத்தில் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு தாளில் போடும் கையெழுத்து அந்தக் குடும்பத்துக்கு என்ன செய்திருக்கிறது என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. இத்தனைக்கும் நான் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள்.

அன்றிரவே என் ஆய்வு வழிகாட்டிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வாய்மொழி ஒப்புதலுக்கு வழி உண்டு என்றார்: விவரத்தை வாசித்துக் காட்டி, அவர்கள் சம்மதிப்பதைக் குரலிலேயே பதிவு செய்யலாம். ஆனால் அதற்குத் திருத்த விண்ணப்பம் போட்டு, குழு சம்மதிக்கும்வரை யாரையும் பேட்டி எடுக்கக் கூடாது. மூன்று வாரம் போய்விட்டது. முதல் விண்ணப்பத்திலேயே இதைக் கேட்டிருக்கலாம். உங்களில் யாராவது இங்கே வந்து பேட்டி எடுக்கப்போகிறீர்கள் என்றால், தயவுசெய்து முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். தகவல் தாளையும் பேசுகிற தமிழில் எழுதி, படிப்பு வாசனை இல்லாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். நான் அப்புறம்தான் அத்தையிடம் வாசித்தேன். பாதி வரிகளை அவர் மாற்றச் சொன்னார்.

அந்த மூன்று வாரமும் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் 2019 நாளிதழ்களோடு போனது. அதுவும் நல்லதற்குத்தான். லாரி வந்த நேரம், குடம் விற்ற விலை என்று குறித்துக்கொண்டே வந்தபோது என் கேள்விகளே மாறின. "ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?" என்றிருந்ததை "எத்தனை குடம்?" என்று மாற்றினேன். லிட்டரில் யாரும் கணக்கு வைப்பதில்லை.

அனுமதி வந்ததும் அதே அக்காவிடம் போனேன். எழுதி வைத்திருந்ததை வாசித்தேன், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்றேன். "சரி, கேளு" என்றார். என் முதல் பதிவு அந்தக் குரலோடுதான் தொடங்குகிறது. பேசி முடித்து, உள்ளே போய் ஒரு பச்சைக் குடத்தை எடுத்து வந்தார். கழுத்தில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. வரிசையில் வைத்தால் அடையாளம் தெரிவதற்காக அந்த வருடம் கட்டியதாம், இன்னும் அவிழ்க்கவில்லை.